மினர்வாவுக்கு யாரும் கதவு திறக்கவில்லை

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பித்தளைத் தகடு உண்டு. "அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள் இவ்வீட்டில் அடைக்கலம் பெற்றனர்" என்று அதில் எழுதியிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி. அந்தக் காலத்தில் அங்கே மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். இந்தப் பக்கம் ஒஹாயோ. இங்கே அது கிடையாது. அதனால் ஆற்றைத் தாண்டி ஓடி வந்தவர்கள் முதலில் மிதித்தது எங்கள் மண்ணைத்தான். அதில் பொய் இல்லை. தகடுகள்தான் கொஞ்சம் அதிகம். அடிமைமுறையை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிந்து வெகுகாலம் கழித்துக் கட்டிய வீடுகளிலும் தகடு இருக்கிறது. பெட்ரோல் பங்கில்கூட இருக்கிறது. கேட்டால், "கட்டடம் புதுசுதான், ஆனா இடம் அப்பவே இருந்துச்சே" என்பார்கள். க்ளீவ்லாந்திலிருந்து வந்து இங்கே வீடு வாங்கிய பல் டாக்டர் பெக்விட், தகடு வீட்டு விலையிலேயே சேர்த்தியா, தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டுமா என்று விசாரித்தாராம்.

என் அக்கா வெர்னிஸ் சொல்வாள்: "இத்தனை வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்தா, ஒளியறதுக்கு ஆள் பத்தாம தெருவுல அடிதடி ஆகியிருக்கும்டி."

நான் ஆர்டீலியா. ஊர் நூலகத்தில் குழந்தைகள் பகுதி என் பொறுப்பு. எங்கள் குடும்பத்துக்குத் தகடு கிடையாது. மினர்வாதான் உண்டு.

மினர்வா எங்கள் குடும்பத்தின் ஆதித்தாய். இருபது வயதுகூட ஆகியிருக்காது. இடுப்பில் இருந்த மகனைத் தனியே விற்கப்போகிறார்கள் என்று எஜமானர் வீட்டு அடுக்களையில் காதில் விழுந்ததும் கிளம்பிவிட்டாள். படகு கிடைக்கவில்லை. பன்றிக்குத் தீனி வைக்கும் மரத்தொட்டி ஒன்றை ஆற்றில் தள்ளி, பிள்ளையை அதில் உட்காரவைத்து, தானும் ஏறி, கையாலேயே தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கரை சேர்ந்தாள். நவம்பர் மாதம். நனைந்த துணியோடு இந்த ஊர்த் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஒருவரும் திறக்கவில்லை. திறந்தால் அபராதம், சிறை. அன்றைய சட்டம் அப்படி. தெருக்கோடியில் ஒரு பன்றிக் கொட்டில் இருந்தது. அதற்குக் கதவே இல்லை. பன்றிகளுக்கு நடுவே பிள்ளையைக் கிடத்தி, தானும் படுத்தாள். தொட்டியின் நாற்றம் மேலே இருந்ததால் பன்றிகள் அவளைச் சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டன என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. விடிந்ததும் வடக்கே நடந்தாள். கனடாவுக்கே போய்விட்டாள். போர் முடிந்த பிறகு அந்த மகன் வளர்ந்து, திரும்பி வந்து, அம்மாவுக்குக் கதவு திறக்காத அதே ஊரில் வீடு கட்டினான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பிடிவாதம் என்பது வெர்னிஸின் கட்சி.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் சொந்தபந்தம் எல்லாம் எங்கள் வீட்டில் கூடும். எல்லோரும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டிருப்போம். உருளைக்கிழங்கு சாலட்டை யார் செய்தது என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவோம். ஆனால் சாப்பிடுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலேயே சின்னக் குழந்தை வெளியே போய் வாசல் கதவைத் தட்டும். உள்ளே இருக்கும் நாங்கள் மூச்சுவிடக் கூடாது. குழந்தை மறுபடி தட்டும். நாங்கள் அசையமாட்டோம். பிறகு அது தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அதன் பிறகுதான் கூச்சல், கட்டிப்பிடித்தல், சாப்பாடு. கல்யாணம் ஆகிக் குடும்பத்துக்குள் வருபவர்களும் இப்படித் தட்டித்தான் வரவேண்டும். ஜூனியின் அப்பாவும் அப்படித் தட்டித்தான் உள்ளே வந்தார். பிறகு அதே கதவு வழியாக டல்லாஸுக்குப் போய்விட்டார்.

ஜூனி என் மகள். ஏழு வயது. மூன்று வயதில் அவள் தட்டிய பள்ளம் இன்னும் கதவில் இருக்கிறது. கையில் பொம்மை லாரி வைத்திருந்தாள்.

ராஸ்கோ இந்தக் கதவை இன்னும் தட்டவில்லை. தேவாலயச் சுவர்களில் படம் வரைபவன், கடைப்பலகை எழுதுபவன். எங்கள் சமையலறைக் குழாய் சொட்டாத ஞாயிறுகளிலும் அதைச் சரிசெய்ய வருபவன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தான். ஆகஸ்டில் சொல்கிறேன் என்றிருந்தேன்.

அதற்குள் புத்தகம் வந்து சேர்ந்தது.

மினர்வாவின் கதையைக் குழந்தைகளுக்குப் படப் புத்தகமாக எழுதினேன். ராஸ்கோ வரைந்தான். ஊர்ப் பாரம்பரியச் சங்கம் அதை ஜூன் பத்தொன்பது, அடிமைகள் விடுதலையான திருநாளில் ஊருக்குக் காட்டி, பிறகு அச்சடித்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கத்தையும் அடைத்து ஒரே படம்: இருட்டுத் தெரு, வரிசையாகச் சாத்திய கதவுகள், ஒரு கதவின் மேல் மினர்வாவின் கை. கீழே நான் எழுதியது ஒரே வரி: "யாரும் திறக்கவில்லை." எனக்கு அந்த ஒரு பக்கம் போதும். ஜூனி பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி முழுக்கத் தகடுகள். ஒரு புத்தகத்தில், ஒரே ஒரு பக்கத்தில், அவள் ஆத்தாளுக்கு நடந்தது நடந்தபடி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பாரம்பரியச் சங்கத் தலைவி மிஸஸ் ஹால்டேன் படங்களைப் பார்க்க நூலகத்துக்கு வந்தார். நல்ல மனுஷி. எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோதெல்லாம் முதல் ஆளாகக் கேக்கோடு வந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு, ஆர்டீலியா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்தப் பச்சைக் கதவு எங்க வீடுதானே?"

"பொதுவா ஒரு தெரு, மிஸஸ் ஹால்டேன்."

"கதவுல தட்டற வளையம்கூட எங்களோடதுதான், சிங்க முகம். சரி, எங்க வீடுன்னா... சாத்தியிருக்கே?"

"அன்னிக்கு எல்லாக் கதவும் சாத்திதான் இருந்துச்சு."

"இருக்கலாம், இருக்கலாம். ஆனா எங்க வீட்டுக் கீழறையில ஒளிஞ்சிருந்தாங்கன்னு எங்க மாமனார் சொல்வாரு. இப்ப அதுலதான் கிறிஸ்துமஸ் மரம் வெச்சிருக்கோம். கதவை முழுசாத் திறக்கவேண்டாம். சும்மா, லேசா. ஒரு வெளிச்சக் கீத்து."

ராஸ்கோ பக்கத்தில் நின்றிருந்தான். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட "வலிக்கல, வலிக்கல" என்று அவருக்கு ஆறுதல் சொல்பவன் அவன். "லேசான்னா எவ்வளவு, மேடம்? ஒரு பூனை நுழையற அளவுக்கா?" என்று கேட்டான்.

"பூனை போதும்" என்றார் மிஸஸ் ஹால்டேன்.

அந்தப் பூனை வழியாக ஊரே நுழைந்துவிட்டது.

ஹால்டேன் வீட்டில் வெளிச்சம் வந்தது என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ராஸ்கோவின் பட்டறைக்குப் போனார்கள். வெறுங்கையோடு போகவில்லை. ஒருவர் மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை. ஒருவர் சுட்ட பன்றி விலா. ராஸ்கோவால் ஒரு கையால் தட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் கதவைச் சாத்தி வரைய முடியவில்லை. ஒரு வீட்டில் விளக்கு வந்தது. அடுத்த வீட்டில் விளக்கோடு கிழவர் வந்தார். அதற்கடுத்த வீட்டில் சூப் வந்தது. சூப்பைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் ஒரு போர்வையும் பூட்ஸும் கேட்டார். பெட்ரோல் பங்க்காரர், தங்கள் இடத்தில் அப்போது ஒரு நல்ல மரம் இருந்திருக்கும், மினர்வா அதில் சாய்ந்து இளைப்பாறலாமே என்றார்.

படப் புத்தகத்தில் பக்கங்களை இஷ்டப்படி கூட்ட முடியாது. ஒரு பெரிய தாளை மடித்து வெட்டுவதால், இவ்வளவுதான் என்று அச்சகத்தில் சொல்லிவிடுவார்கள். ஒரு வீடு உள்ளே வந்தால் ஏதாவது ஒன்று வெளியே போகவேண்டும். முதலில் கனடா போயிற்று. பிறகு பன்றிகள். "இத்தனை வீடு இருக்கையில கொட்டில்ல ஏன் படுக்கணும்? லாஜிக் இடிக்குதே" என்றார் மிஸஸ் ஹால்டேன், உண்மையான அக்கறையோடு. ஆறும் தொட்டியும் ஒரே பக்கத்தில் சுருங்கி, ஓரத்தில் ஒரு நீலக்கோடாக நின்றன. கடைசியாக முதல் பக்கம் போயிற்று, பிள்ளையை விற்கப்போகிறார்கள் என்ற பக்கம்.

"அது சின்னப் பிள்ளைங்களுக்குப் பயமா இருக்கும், ஆர்டீலியா."

"மினர்வாவுக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"அதான் சொல்றேன். ஒருத்தர் பயந்தது போதாதா?"

புதிய படங்களைப் பார்த்து வெர்னிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மினர்வா தலையில் தொப்பி, தோளில் போர்வை, காலில் பூட்ஸ், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கேக். போகப் போக முகம் உப்பிக்கொண்டே வந்தது.

"இவ தப்பிச்சு ஓடறாளா, கல்யாணத்துக்கு வந்திருக்காளாடி?"

நூலகத்தில் கதை நேரத்தில் மாதிரிப் பிரதியைப் படித்துக் காட்டினேன். ஒரு பெண் சாயங்காலம் கிளம்புகிறாள். எதற்கென்று இல்லை. வீடு வீடாகக் கதவு தட்டுகிறாள். எல்லோரும் சிரித்த முகத்தோடு திறந்து தின்பதற்கு ஏதாவது கொடுக்கிறார்கள். முற்றும். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த பெண் குழந்தை கையைத் தூக்கினாள்.

"மிஸ், இது ஹாலோவீன் கதைதானே?"

"அதான் அந்தம்மா வேஷம் போட்டிருக்காங்க" என்றது இன்னொன்று. "ஆனா மிட்டாய்க்குப் பதிலா சூப் குடுக்கறாங்க. பாவம்."

அன்று சாயங்காலம் நேராக ராஸ்கோவின் பட்டறைக்குப் போனேன். அவன் மேஜையில் யாரோ கொடுத்த பீச் பை பாதி இருந்தது.

"எல்லாக் கதவையும் திறந்துட்டே, இல்ல?"

"ஆர்டீலியா, உக்காரு. பை சாப்பிடறியா?"

"எந்த வீட்டுப் பை?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "புத்தகத்துல மூணாம் பக்கத்துல வர்ற வீடு."

"நீயும் என் வீட்டுக் கதவைத் தட்டணும்னு கேட்டிருக்கே. தட்டறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

அவன் தூரிகையைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "சாத்தின கதவை வரையறது கஷ்டம்மா. எத்தனை தடவை வரைஞ்சாலும் வெறும் பலகைதான் வருது. பின்னாடி யாராவது இருக்காங்களா, இல்லையா? தூங்கறாங்களா? அது தெரியாம எப்படி வரையறது? திறந்த கதவுன்னா சுலபம். ஆள் நிக்கறாங்க, சிரிக்கறாங்க, முடிஞ்சுது."

"சுலபமா இருக்குன்னா வரைஞ்சே?"

"இல்ல. முதல்ல கேட்டாங்க. அப்புறம் பை குடுத்தாங்க."

"அப்ப ஆகஸ்ட்டுக்கு நீ வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் குழாய் நிஜமாகவே சொட்டிக்கொண்டிருந்தது.

மாதிரிப் பிரதிக்கு மறுப்பு ஏதாவது இருந்தால் திருநாள் முடிவதற்குள் சொல்லவேண்டும், மறுநாள் அச்சுக்குப் போகிறது என்றார் மிஸஸ் ஹால்டேன். நான் மறுத்தேன். "ஊர் முழுக்க ஒருத்தர்கூட மறுக்கலையே, ஆர்டீலியா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது மட்டுமில்லை, திருநாளன்று பள்ளி மைதானத்தில் புத்தகத்தை அப்படியே நடித்துக் காட்டப்போகிறோம் என்றார். மினர்வாவாக ஜூனி. "அவ வாரிசு அவளே நடிச்சாத்தானே மரியாதை!"

ஜூனிக்கு ஒரே சந்தோஷம். "நான்தான் தட்டுவேன்! எனக்குத் தட்டத் தெரியும்!"

வேஷம் கொடுப்பதில் ஒரு சிக்கல் வந்தது. ஊரில் எல்லோருக்கும் தங்கள் தங்கள் பாட்டனார் வேஷம்தான் வேண்டும். அடிமைகளைப் பிடிக்க வருபவன் வேஷத்துக்கு ஆள் இல்லை. கடைசியில் பல் டாக்டர் பெக்விட்டின் தலையில் கட்டினார்கள். அவருக்குத்தான் இந்த ஊரில் பாட்டனார் இல்லை. அவரும், அந்தப் பாவி இந்த ஊர்க்காரன் அல்ல என்று தெரியவேண்டுமே என்று, கறுப்புத் தொப்பியில் "வெளியூர்" என்று எழுதி ஒட்டிக்கொண்டார். பன்றி இல்லாத கதை எங்கள் கதையே இல்லை என்று வெர்னிஸ் ஒற்றைக் காலில் நின்றதால், பன்றிப் பண்ணை வைத்திருக்கும் க்ரெப்ஸ் தன் பெண் பன்றி மேபலைக் கொண்டுவரச் சம்மதித்தார். கண்காட்சியில் பரிசு வாங்கிய பன்றி. "சும்மா ஓரமா நிக்கட்டும், சூழ்நிலைக்கு" என்று மிஸஸ் ஹால்டேனும் விட்டுக்கொடுத்தார்.

ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தில் தெரு மாதிரி வரிசையாக அட்டைக் கதவுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பம், கம்பளிச் சால்வையும் குல்லாவும் போட்டு, வியர்வையில் குளித்துக்கொண்டு, கையில் ஆவி பறக்கும் பீன்ஸ் சூப்போடு. நாங்கள் புல்லில் உட்கார்ந்து, திருநாள் வழக்கப்படி சிவப்புச் சோடா குடித்துக்கொண்டிருந்தோம். ராஸ்கோ தூரத்தில் ஒரு மரத்தடியில், படம் போடும் அட்டையோடு நின்றிருந்தான். நான் பார்க்கவில்லை. வெர்னிஸ் எனக்குப் பதிலாகப் பார்த்துச் சொன்னாள்.

ஜூனி நாட்டாமை மாதிரி நடந்து வந்தாள். இடுப்பில் பொம்மை. முதல் கதவு மிஸஸ் ஹால்டேனுடையது, பச்சை. அவள் கையைத் தூக்குவதற்குள் கதவு படாரென்று திறந்தது.

"வாம்மா மினர்வா! நனைஞ்சு போயிட்டியே! சூப் குடி!"

ஜூனி ஒரு அடி பின்னால் போனாள். கதவைப் பார்த்தாள். சூப்பைப் பார்த்தாள். பிறகு கதவின் விளிம்பைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே இழுத்துச் சாத்தினாள்.

மைதானம் சிரித்தது. கதவு மறுபடி திறந்தது.

"கண்ணு, நான்தான் திறக்கணும். நீ உள்ள வரணும்."

"இல்ல ஆன்ட்டி. நீங்க சாத்திக்கணும். நான் தட்டுவேன். நீங்க பேசக்கூடாது."

"ஆனா நாங்க உதவி பண்றோமேம்மா!"

"பண்ணலையே" என்றாள் ஜூனி. திட்டும் குரலில் இல்லை. கண்ணாமூச்சி விதி தெரியாத பிள்ளைக்கு விளக்கும் குரலில். "பண்ணியிருந்தா மினர்வா எதுக்குப் பன்னிகூடப் படுத்தாங்க? இது அப்படிதான் ஆன்ட்டி. நீங்க உள்ள இருக்கணும். இருக்கற மாதிரி காட்டிக்கக் கூடாது. மூச்சுகூட விடக்கூடாது. எங்க பெரியப்பாவே பண்ணுவார், அவர் ரொம்பக் குண்டு."

இதைச் சொல்லிவிட்டு, நேரம் மிச்சமாகட்டும் என்று தெரு முழுக்க நடந்து, திறந்து வைத்திருந்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போனாள். "சாத்துங்க அங்கிள். தாத்தா, சூப்பைக் கீழ வைங்க, வாசனை வருது. வாசனை வந்தா உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும்." ஒருவரும் மறுக்கவில்லை. ஏழு வயதுப் பெண்ணிடம் வாதம் செய்வதற்கு அந்தக் குல்லாக்களில் யாருக்கும் தெம்பு இல்லை.

திரும்பி வந்து பச்சைக் கதவைத் தட்டினாள்.

அட்டையில் தட்டினால் பெரிய சத்தம் வராது. ஆனால் கேட்டது. அடுத்ததைத் தட்டினாள். அதற்கடுத்தது. என் பக்கத்தில் வெர்னிஸ் சோடா டின்னை அமுக்கினாள். அது ஒரு முறை நெளிந்து சத்தம் போட்டது, அவ்வளவுதான். கதவுகளுக்குப் பின்னால் அத்தனை பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், இருக்கிறார்கள் என்று. அட்டைக்கு அடியில் அவர்கள் செருப்புகள் தெரிந்தன. ஒரு செருப்பும் அசையவில்லை.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து பச்சைக் கதவைக் கீழே தள்ளியது.

மிஸஸ் ஹால்டேன் கரண்டியை நெஞ்சோடு அணைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. கதவு விழுந்தது தெரிந்து கண்ணைத் திறந்தார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூனியும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வார் என்று நினைத்தேன். சிரிப்பார், கையாட்டுவார், சூப்பை நீட்டுவார். அவர் குனிந்து, முழங்கால் சொடுக்க, அந்த அட்டைக் கதவைத் தூக்கி நிறுத்தி, அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். விளிம்பில் அவர் விரல்கள் மட்டும் தெரிந்தன.

மரத்தடியில் ராஸ்கோ வரைய ஆரம்பித்ததை நான்தான் பார்த்தேன். வெர்னிஸ் பார்க்கவில்லை, அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

ஜூனி தெருக்கோடிக்குப் போய் மேபலின் பக்கத்தில் படுத்தாள். மேபல் ஒரு பெருமூச்சு விட்டு இடம் கொடுத்தது. டாக்டர் பெக்விட், "யாராவது இந்தப் பக்கம் வந்தாங்களா? மன்னிக்கணும். ஸாரி. வந்தாங்களா?" என்று ஒவ்வொரு கதவிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். அத்துடன் முடிந்திருக்கவேண்டும். ஆனால் பீன்ஸ் சூப்பின் வாசனை மேபலுக்கு எட்டிவிட்டது.

மேபல் எழுந்தது. முதலில் டாக்டர் பெக்விட் விழுந்தார். பிறகு அது தெருவுக்குள் வந்தது. முதல் கதவை மூக்கால் தள்ளியது. உள்ளே இருந்தவர் அதைத் திருப்பித் தள்ளினார். "திறக்காதீங்க! சாத்திப் பிடிங்க! பாப்பா சொல்லியிருக்கா!" என்று மிஸஸ் ஹால்டேன் வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எதற்காகச் சாத்துகிறோம் என்பது மறந்து, யார் கதவு கடைசிவரை நிற்கிறது என்று போட்டியாகிவிட்டது. பெட்ரோல் பங்க்காரர் மர வேஷத்தில் நின்றிருந்ததால் அவரிடம் கதவு இல்லை, அவர் ஓடிவிட்டார். மேபல் ஒவ்வொன்றாக எல்லாக் கதவையும் வீழ்த்தி, ஒவ்வொரு சட்டியாகக் குடித்து முடித்து, பச்சைக் கதவின் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. அதன் அடியில் மிஸஸ் ஹால்டேனின் குல்லா இருந்தது. நல்லவேளை, தலை இல்லை.

எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜூனி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இப்ப எல்லாரும் சாப்பிடலாம்" என்றாள். சாப்பிட ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலையில் நூலகத்தைத் திறக்கும்போது மிஸஸ் ஹால்டேன் வாசல்படியில் நின்றிருந்தார். தோளில் ஒரு பக்கம் வலி என்று லேசாகச் சாய்ந்திருந்தார்.

"அச்சகத்துக்குப் போகலை. நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றார். "ஆர்டீலியா, அந்தக் கதவுக்குப் பின்னாடி நிக்கும்போது எனக்கு... அவ தட்டறா. எனக்குக் கேக்குது. திறக்கணும்னு கை பரபரங்குது. திறக்கலை. சும்மா நாடகம்தான், தெரியும். ஆனா என் கையை நானே பிடிச்சுக்க வேண்டியிருந்தது." கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தப் பச்சைக் கதவு சாத்தியே இருக்கட்டும். சிங்க முகமும் இருக்கட்டும். தெரிஞ்சவங்களுக்குத் தெரியட்டும்."

கட்டிக்கொண்டேன். வலிக்கிற தோள் எது என்று பார்க்காமல் கட்டிக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு," என்றார் விடுபட்டுக்கொண்டு. "அந்தப் பன்றிக் கொட்டில். அது எங்க கொல்லைப்பக்கமா இருக்க வாய்ப்பிருக்கு. எங்க மாமனார் வீட்டுல பன்னி இருந்துச்சு."

அன்று மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேருடைய பாட்டனார்கள் பன்றி வளர்த்திருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. க்ரெப்ஸ் மட்டும், மேபல் அந்தக் கொட்டில் பன்றிகளின் வம்சம்தான் என்பதுபோல, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அழுத்தமாக ஒரு புன்னகை புரிந்தார்.

ராஸ்கோ வரவில்லை. புத்தகத்துப் படங்கள்தான் வந்தன, நூலகத்து வாசலுக்கு, பழுப்புத் தாளில் சுற்றி. எல்லாவற்றுக்கும் மேலே நடுப்பக்கம். அதே இருட்டுத் தெரு, அதே சாத்திய கதவுகள், அதே கை. ஆனால் இந்த முறை கதவுகளின் பின்னாலும் தெரிந்தது, பொம்மை வீட்டை வெட்டி வைத்தாற்போல். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் விழித்துக்கொண்டு நின்றார். ஒருவர் குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தார். ஒரு பெண் விளக்கை ஊதி அணைத்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி தாழ்ப்பாளில் கையை வைத்திருந்தாள். மற்றொரு கை அந்தக் கையைப் பிடித்திருந்தது. கீழே என் வரி: "யாரும் திறக்கவில்லை." மற்றப் படங்களில், முதல் பக்கத்துக்குப் பிள்ளை திரும்பி வந்திருந்தான். ஆறு ஆறாக இருந்தது. கனடாவும் இருந்தது.

கதை நேரத்தில் படித்தேன். பிள்ளைகள் நடுப்பக்கத்தில் வெகுநேரம் நின்றார்கள். ஹாலோவீன் என்று யாரும் சொல்லவில்லை. முன்வரிசைப் பெண் குழந்தை அந்தப் பச்சைக் கதவுக்காரியின் கையைத் தொட்டுப் பார்த்து, "திற, திற" என்றாள், மெதுவாக.

ஆகஸ்ட் வந்தது. ஊதா நிற டி-ஷர்ட். சொந்தங்கள் நிறைந்து வீடு பிதுங்கியது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ராஸ்கோவுக்கு ஒரு டி-ஷர்ட் மட்டும் அனுப்பியிருந்தேன். அவன் அளவில்.

தட்டும் சத்தம் கேட்டது. எல்லோரும் கப்சிப். ஜூனியின் குண்டுப் பெரியப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மறுபடி தட்டல்.

இப்போது அவன் கதவைத் தள்ளவேண்டும். விதி அதுதான். ஆனால் ராஸ்கோ யார் வீட்டுக்குள்ளும் யாரும் வா என்று சொல்லாமல் நுழைந்தவன் இல்லை. வெளியே நிற்கிறான். உள்ளே நாங்கள் மூச்சடக்கி நிற்கிறோம். கறி ஆறுகிறது. பெரியப்பாவின் முகம் டி-ஷர்ட்டின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"தள்ளச் சொல்லலையா அவன்கிட்ட?" வெர்னிஸ் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். சொல்லவில்லை.

இன்னொரு முறை தட்டினான். மிக மெதுவாக, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்பதுபோல. நான் எப்போது கதவருகே போனேன் என்று தெரியவில்லை. தாழ்ப்பாளில் என் கை இருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. ஜூனி என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கூடாது. விதி" என்றாள் ரகசியமாக.

நான் திறந்தேன்.

பின்னாலிருந்து மொத்த வீடும் மூச்சை விட்டது, திரைச்சீலை ஆடியது. "நூத்தைம்பது வருஷத்துல முதல் தடவைடி!" என்று வெர்னிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "சட்டத்தை மீறிட்டா இவ!"

"ஒருத்தராவது மீறணும்ல" என்றேன்.

ராஸ்கோ ஊதா டி-ஷர்ட்டில், ஒரு கையில் உருளைக்கிழங்கு சாலட்டோடு நின்றிருந்தான். எங்களை, உள்ளே நெருக்கியடித்து நின்ற அத்தனை பேரையும், ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"இவ்வளவு நேரமும் எல்லாரும் உள்ளதான் இருந்தீங்களா?" என்று கேட்டான்.

"அது இருக்கட்டும்," என்றார் பெரியப்பா, மூச்சு வாங்க. "சாலட் யார் செஞ்சது?"